சாக்ஸ் நாற்றமும் ஒரு ஃபோர்ட்ரான் புரோகிராமும்

நேற்று கோரிப்பாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். அடைத்த ஏசி அறை, வரிசையாக சாக்ஸ் கால்கள், அந்த நாற்றம்! கருமம், அப்படியே எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் லேப்.

அங்கேயும் செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு வைத்த சந்தனம் அடுத்த வருஷம் வரை காய்ந்து கிடக்கும். உங்களிடம் சொல்வதற்கென்ன, நாங்கள் கம்ப்யூட்டரைக் கும்பிட்ட அளவுக்குப் படிக்கவில்லை. எழுதிய புரோகிராமை ஓடுகிற மாதிரி மாற்ற, கம்பைல் பண்ணுகிற கட்டளைகூட மந்திரம்தான். எவனோ ஒரு சீனியர் எழுதிச் சுவரில் ஒட்டிய ஒற்றை வரி. அதன் வாலில் ஒட்டியிருந்த குறிகளில், எந்த ஃபிளாக் எதற்கு என்று ஒருத்தனுக்கும் தெரியாது. பார்த்து அடிப்போம், ஓடும், டீ குடிக்கப் போய்விடுவோம்.

என் கூட்டாளி காதர், வாடிப்பட்டிப் பக்கக் கிணறுகளில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று ஃபோர்ட்ரான் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மாதக் கடைசிக்குள் டிகிரி கைக்கு வந்தால் சென்னையில் வேலை நிச்சயம். வைவா நெருங்குகிற நேரம் பார்த்துப் புரோகிராம் படுத்துவிட்டது. லைப்ரரியைக் காணோம் என்றது.

ஷேர்டு லைப்ரரி என்பது வேறு யாரோ எழுதிவைத்த கணக்குத் தொகுப்பு, நம் புரோகிராமுக்குள் இருக்காது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அது இருக்கிற இடத்துக்குத் தேடிப் போக வேண்டும். சுவரிலிருந்த வரி காட்டிய இடம் அந்தச் சீனியரின் ஃபோல்டர். ஆய்வுக் குழு வருகிறது, எல்லாம் சுத்தமாக இருக்கணும் என்று எங்கள் ஹெச்ஓடி பழைய மாணவர்களின் ஃபோல்டர்களை மொத்தமாக அழிக்கச் சொல்லியிருக்கிறார். கக்கூஸைக் கழுவ மட்டும் ஆளில்லை!

அதே லைப்ரரியை வேறெங்கிருந்தோ இறக்கினோம். இணையத்தில் எவனெவனோ சொன்ன ஃபிளாக்குகளைப் பொறுக்கி ஒட்டினோம். லிங்க் ஆனது, ஓடியது, ஒரு எரர் இல்லை. பதில்தான் நாறியது. கிணற்றுத் தண்ணீர் தென்னை மர உயரத்துக்கு நின்றது.

புரோகிராம் வரைந்து தந்த தண்ணீர்ப் படத்தை ஹெச்ஓடி பார்த்தார். "கலர் நல்லாத்தான வந்திருக்கு? இதையே ரிப்போர்ட்ல போட்ருப்பா."

"சார், தண்ணி மரத்து உசரத்துக்கு நிக்குது சார்," என்றான் காதர்.

"எவன்யா போயி எட்டிப் பாக்கப் போறான்?"

சீ! இப்போது நினைத்தாலும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. காதர் குரலை உயர்த்தவில்லை. "தப்புன்னு தெரிஞ்சே போட மாட்டேன் சார்," என்றான். வைவா அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. சென்னை வேலை போயே போய்விட்டது.

அந்த வாரமே கோளாறைப் பிடித்துவிட்டான். நாங்கள் ஒட்டிய ஒரு ஃபிளாக், புரோகிராமின் எண்களை இரட்டை நீளமாக்கியிருந்தது. லைப்ரரி அவற்றைப் பழைய நீளத்திலேயே படித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபிளாக்கை எடுத்ததும் தண்ணீர் ஒழுங்காகக் கிணற்றுக்குள் இறங்கியது. ஆய்வுக் குழு லேபின் சுத்தத்தைப் பாராட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. தூ.

இப்போது அந்த லேபும் இல்லை, சுவரில் வரி ஒட்டுகிறவனும் இல்லை. ஒரு கட்டளை அடித்தால் லைப்ரரியெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதர் சிம்மக்கல்லில் மோட்டார் பைப் விற்கிறான். ஸ்கேன் முடிந்த கையோடு அவன் கடைக்குப் போனேன்.

"அந்தக் கெணத்துக் கணக்கு, கடைசியில சரியா வந்துச்சே, வச்சிருக்கியா மாப்ள?"

பைப்பை அளந்துகொண்டே சொன்னான். "எம்புட்டு நாளுதான் வச்சிருக்கது? எவனுமே கேக்கல மாப்ள. அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவோட பழைய இரும்புக்குப் போட்டாச்சு."