சைக்கிளில் மட்டும் அக்கா

முன்னால் கூடை வைத்த ஊதா நிற லேடீஸ் சைக்கிள் அது. மகள் கோயம்புத்தூருக்குக் கல்லூரியில் படிக்கப் போன பிறகு, பால்கனியில் ஈரத்துண்டு காயப்போட மட்டுமே பயன்பட்டு வந்ததாம். அதைத் துடைத்து, காற்றடித்து, போனைச் செருகி வைக்கக் கைப்பிடியில் ஒரு ஸ்டாண்டும் மாட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் ஓரமாக நின்றிருந்தவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அலுவலகத்தில் எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வரும் என் மேனேஜர், அன்று தொளதொள பேண்ட்டும் மகளின் பழைய டி-ஷர்ட்டும் போட்டிருந்தார். "குட் மார்னிங் மேடம்" என்றேன். கையை அசைத்து மறுத்தார். "ஆபீஸ்லதான் மேடம். சைக்கிள்ல அக்கான்னு கூப்பிடு."

சைக்கிளில் போய் ஆடும் அந்தப் போன் விளையாட்டை அவருக்குப் பழக்கியது நான்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சர்க்கரை எட்டிப்பார்த்தது. தினமும் உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். வெறுமனே சைக்கிள் மிதிக்க அலுப்பாக இருந்தபோதுதான் போனில் இது கிடைத்தது. நம் ஊர் வரைபடத்தில் அங்கங்கே சிறு சிறு வட்டங்கள் இருக்கும். அவற்றை ஸோன் என்பார்கள். ஒரு ஸோனுக்கு நேரில் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் அது நம் பெயருக்கு மாறும். வேறொருவர் வந்து நின்றால் அவருக்குப் போய்விடும், நம் போன் அதிர்ந்து சொல்லும். வீட்டில் சாய்ந்தபடி ஒன்றையும் பிடிக்க முடியாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது போன் அதிர, "செம்பாக்கம் ஏரியும் போச்சா" என்று முனகினேன். எதிரில் இருந்த மேடம், யாரோ ஏரியை வளைத்துப் பிளாட் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து உண்மையாகவே வருத்தப்பட்டார். விளக்கியதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வார இறுதியிலேயே சைக்கிளோடு சிக்னலில் வந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு ஏறக்குறைய எல்லா விடியற்காலைகளும் எங்களுடையவை. மாடம்பாக்கம் பக்கத்துச் சந்துகள், கௌரிவாக்கத்தில் துரத்துவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு செவலை நாய், மார்கழியில் தெருவுக்கொரு ஒலிபெருக்கி. எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த ஏரிக்கரையில் வண்டி போகும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் திருத்துகிறவர், இங்கே "இப்ப லெஃப்ட்டா, ரைட்டா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே பின்னால் வருவார். ஸோனுக்காகச் சாலையோரம் அசையாமல் நிற்கும் எங்களைப் பார்த்து மேடவாக்கம் டீக்கடைக்காரர், "இன்னாம்மா, ரெண்டு பேரும் டெய்லி வந்து இங்கயே நின்னுகினு கீறீங்க, எதுனா தொலைஞ்சு போச்சா?" என்று கேட்பார். அக்கா பதிலுக்கு இரண்டு டீ சொல்வார். கணவருக்கு நடந்த இதய ஆபரேஷன், அதன் பின் தன் தூக்கம் போனது, மகளிடம் சொல்ல முடியாத சில பயங்கள் என்று எல்லாவற்றையும் அந்த டீக்கடைப் பெஞ்சில்தான் சொன்னார். என் மாமியாரோடு எனக்கிருந்த மனக்கசப்பை என் அம்மாவிடம்கூட நான் அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை.

இதெல்லாம் போய்க்கொண்டிருந்தபோதுதான் வேறொரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. நல்ல வேலை, வீட்டுக்கும் பக்கம். ஆனாலும் மனம் ஊசலாடியது. ஒரு காலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிப் போகும்போது அக்காவிடமே கேட்டேன். ஒரு பக்கம் குப்பை மேட்டின் நாற்றம், மறுபக்கம் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். அவர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். வெகுநேரம் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விஷயத்தை எவ்வளவு அக்கறையாக யோசிக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"போகாத. அடுத்த புராஜெக்ட்ல உன்னைத்தான் டீம் லீடா போடச் சொல்லியிருக்கேன். நான் இருக்கேன்ல" என்றார்.

அன்றே அந்த நிறுவனத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என் கணவர் மட்டும், "எழுத்துல ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார். "அக்கா சொன்னாங்க" என்றேன்.

இரவு பகல் பார்க்காமல் உழைத்து கையிலிருந்த புராஜெக்டை முடித்துக் கொடுத்தோம். முடிந்த கொஞ்ச நாளில் ஒரு வீடியோ மீட்டிங்குக்கு அழைப்பு வந்தது. இதுவரை நான் பார்த்திராத ஒருவர், எங்கள் குழுவைக் கலைப்பதாகவும் என் சேவைக்கு நன்றி என்றும் சொன்னார். மேடமும் அதில் இருந்தார். திரையில் முகம் இல்லை, பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரிந்தது. கடைசியில் "ஆல் தி பெஸ்ட்" என்ற குரல் மட்டும் வந்தது. வேலை தப்பிய தோழி ஒருத்தி பிறகு போன் செய்தாள். குழுவைக் கலைப்பது வெகுநாள் முன்பே முடிவானதாம். புராஜெக்ட் முடியும்வரை யாரும் மூச்சுவிடக்கூடாது என்று மேனேஜர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம். பள்ளிக்கரணைக் காலைக்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நான் சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாடம்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம் என்று நான் பிடித்து வைத்திருந்த ஸோன்கள் ஒவ்வொன்றாக அவர் பெயருக்கு மாறின. நான் காட்டிக்கொடுத்த சந்துகளில் அவர் இன்னும் போய்வந்துகொண்டிருந்தார். அந்த விளையாட்டின் விதியே அதுதான், தெரியும். ஆனாலும் வேலை போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஒருநாள் விடிந்ததும் கிளம்பி நேராகச் சேலையூரில் அவர் குடியிருப்பு இருந்த தெருவுக்குப் போனேன். அவர் வாசலுக்கு எதிரே இருந்த ஸோன்தான் அவர் முதன்முதலில் பிடித்தது. மரியாதைக்காக அதை நான் தொட்டதே இல்லை. அன்று போய் நின்றேன். அது என் பெயருக்கு மாறிய கொஞ்ச நேரத்தில், கையில் பால் பாக்கெட்டோடு அவரே தெருமுனையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"உள்ள வா, காபி போடறேன்" என்றார்.

"பள்ளிக்கரணையில நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் போகாதன்னு சொன்னீங்க?"

"நீ போயிருந்தா டெலிவரி நின்னுருக்கும். அது என் தலையில விடியும். இவருக்கு உடம்பு இப்படி இருக்கு, அவ படிப்பு வேற பாதில நிக்குது. எனக்கு வேற வழி தெரியல." பிறகு, "உன்னை மட்டுமாவது வேற டீம்ல போடச் சொல்லிக் கேட்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"கேட்டீங்களா?"

பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இல்ல."

"சரி மேடம்" என்றேன். அந்த வார்த்தை அவருக்கு உறைத்தது முகத்தில் தெரிந்தது. உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கணக்குப் புரியத்தான் செய்தது. அவர் இடத்தில் பலர் அதையே செய்திருப்பார்கள். "கம்பெனி விஷயம், நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் போதும், புரிந்துகொண்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பறவைகளைப் பார்த்தபடி அவ்வளவு நேரம் யோசித்தது எனக்காக இல்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

பல மாதம் அலைந்து கிண்டியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் அங்கிருந்த அதிகாரி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "உங்களை எடுக்கறதுக்கு முன்னாடி உங்க பழைய மேடம்கிட்ட பேசினோம். அவங்க சொன்னதை வெச்சுதான் முடிவு பண்ணோம். 'அவளைக் கண்ணை மூடிட்டு நம்பலாம் சார். அவளும் ஒருத்தரை நம்பிட்டா அப்படியே நம்பிடுவா'ன்னாங்க."

வீட்டில் சொன்னேன். "என்ன இருந்தாலும் ஒரு தேங்க்ஸ் சொல்லிடு" என்றார் என் கணவர். நியாயம்தான் என்று பட்டது. போனை எடுத்து நாலு வரி எழுதினேன். அனுப்பப் போகும்போது அந்த அதிகாரி சொன்னதன் இரண்டாவது பாதி மீண்டும் காதில் விழுந்தது. ஒருத்தரை நம்பிவிட்டால் அப்படியே நம்பிவிடுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் போகாதே என்று சொல்லியிருக்கிறார்.

எழுதியதை அழித்துவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய காய்கறியை நறுக்க உட்கார்ந்தேன்.