பீப்பாய்த் தகரமும் மரபுதான்

அந்தத் தெருவின் பதினொரு வீடுகளையும் கட்டியவர் ஒரே மேஸ்திரி. கூரைக்கு ஓடு போடாமல், காலி எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டி, தட்டி, விரித்துப் போட்டதால் ஊர் அவருக்கு ‘டின்னு மேஸ்திரி’ என்று பெயர் வைத்தது. கேலிப் பெயர்தான். அவர் அதையே தன் மட்டப்பலகையில் பொறித்துக்கொண்டார்.

தெருவுக்குப் பின்னால் ஆறு. ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் முழங்கால் வரை உள்ளே வரும். அதனால் சுவரின் கீழ் மூன்றடிக்கு மண் பூச்சு மட்டுமே பூசுவார். வெள்ளம் அதைக் கரைத்துக்கொண்டு போகும். சுவர் காய்ந்ததும் வீட்டுக்காரர்களே ஆற்று மண்ணைக் குழைத்து மறுபடி பூசிக்கொள்வார்கள்.

மகள் கட்டடப் பொறியாளர். படித்து முடித்த சூட்டில், அப்பா வெளியூர் போன நாள் பார்த்து, தங்கள் வீட்டில் அந்த மூன்றடிக்கும் சிமெண்ட் பூசிவிட்டாள். அவருக்குப் பரிசாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறியது. அடுத்த வெள்ளத்தில் சமையலறைச் சுவர் வயிறு தள்ளி, உட்கார்ந்தே விட்டது.

“சுவருக்கு ரெயின்கோட் போட்டியே, மூச்சு விட மூக்கு வச்சியாம்மா?” என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான். இருவருமாகச் சுவரை மீண்டும் எழுப்பினார்கள்.

சென்ற ஆண்டு ஆற்றங்கரையை அகலச் சாலையாக்கும் திட்டம் வந்தது. மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கும் வீடுகள் மட்டும் தப்பும். பட்டியல் அதிகாரி படிவத்தோடு வந்தார். அதில் விதி ஒரே வரி: மண் சுவர், மரச் சட்டம், ஓட்டுக் கூரை.

“சுவர் சரி மேஸ்திரி. கூரைதான் உதைக்குது. ஓடு மாத்திடுங்க, சேத்துடறேன்.”

“ஓடு என்ன இந்த ஊர்ல விளையுதா சார்?”

“நூறு வருஷமா இருக்கே.”

“முதல்ல கப்பல்ல வந்துச்சு. அப்ப புல்லு வேஞ்சவன் என்ன திட்டு திட்டியிருப்பான். அப்புறம் இங்க சூளை வச்சாங்க, அதையும் மூடியாச்சு. இப்ப துறைமுகத்துல பீப்பாய் கிடைக்குது. கைக்குக் கிடைக்கறத வச்சு, ஒழுகுனா நாங்களே ஏறி அடைக்கிற மாதிரி கட்டறோம். அன்னைக்கு அவங்க செஞ்சதும் அதான். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?”

அதிகாரி படிவத்தை வைத்துவிட்டுப் போனார்.

படிவம் கொடுக்க ஒன்பது நாள் இருக்கும்போது மேஸ்திரி இறந்தார். மகள் அவருடைய பூசுகரண்டியைக் கழுவவில்லை. காய்ந்த மண் அப்படியே இருந்தது.

தெரு அவளிடம் வந்தது. எதிர்வீட்டு அத்தைதான் பேசினாள்.

“உங்கப்பா வீம்பு அவரோட போகட்டும்மா. ஓடு போட்டா வீடு தப்பிக்கும்ல?”

“வெள்ளம் வர்ற வரைக்கும் தப்பிக்கும் அத்தை.”

அவள் கணக்குப் போட்டிருந்தாள். தகரம் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. ஓடு, சட்டத்தோடு, அறுபது. அடி நனைந்து இளகிய ஒன்பது அங்குல மண் சுவர் அதைத் தாங்காது. அப்பா இதை ஒருநாளும் தாளில் போட்டுப் பார்த்ததில்லை.

“அப்ப இடிக்க வந்தா?”

“முதல்ல அந்த அதிகாரி முடியாதுன்னு எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்க” என்று சொல்லி, அத்தை படிவத்தில் முதல் கையெழுத்தைப் போட்டாள்.

கடைசி நாள் மகள் படிவத்தை அதிகாரியின் மேசையில் வைத்தாள். விதி இருந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தாள்: ‘உள்ளூரில் கிடைப்பதைக் கொண்டு, உள்ளூர் வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப, குடியிருப்பவர்களே பழுது பார்க்கும்படி கட்டியது.’

“விதியை அடிக்கறதுக்கு நீங்க யாரும்மா? இது தள்ளுபடிதான்.”

“ஆகட்டும் சார். கணக்கு பின்னால இருக்கு. ஓடு ஏத்துனாலும் இந்தச் சுவர் நிக்கும்னு உங்க பொறியாளர் கையெழுத்துப் போட்டுத் தள்ளட்டும்.”

அவர் தாள்களைப் புரட்டினார். யாரையும் கூப்பிடவில்லை.

“பெரியவர் வரலையா?”

“இறந்துட்டார்.”

அதிகாரி தாள்களை அடுக்கி மேசையோரம் வைத்தார்.

“விட்டுட்டுப் போங்க. பாக்கறேன்.”

“பெற்றுக்கொண்டதா முத்திரை வேணும்.”

“நாளைக்கு வாங்களேன்.”

“இன்னைக்குதான் கடைசி நாள்” என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே வராந்தாவில் மற்ற பத்து வீட்டுக்காரர்களும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.