பந்தயத் தெருவின் பதினேழு நாய்கள்

எங்கள் தெருவில் காளியம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாய்க்காரி என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். எங்கள் காரைக்குடியிலேயே ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார். புருஷன் சின்னச்சாமி கொத்தனார்; சாரம் சரிந்து செத்துப் பதினோரு வருஷமாகிறது. பிள்ளை இல்லை. மத்தியானம் மிச்சச் சோற்றையும் எலும்பையும் வாளியில் கொண்டுவந்து, என் பஞ்சர் கடைக்கு எதிரே நின்று, "வாங்க சாமி, வாங்க" என்பார். சந்து பொந்தெல்லாம் புகுந்து பதினேழு நாய்கள் ஓடிவரும்.

போன மாசியில் எங்கள் தெருவுக்குக் கார்ப் பந்தயம் வந்தது. ஆறு மணி நேரப் பந்தயம். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்களாம். இரண்டு ஓரமும் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் கம்பிவலை கட்டி, நாலு நாளைக்குத் தெருவையே பந்தயப் பாதை ஆக்கிவிட்டார்கள். ஒத்திகையில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. கார் கட்டையில் மோதிச் சப்பையாகிவிட்டது. வலையோடு பிடிக்க வந்தவர்களுக்கு நாய்கள் தண்ணி காட்டின. அப்போதுதான் பந்தய வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரன் பாண்டியராஜன் என் கடைக்கு வந்தான்.

"அந்தம்மா கூப்பிட்டா வருமாமே பாய். ரெண்டே நாளு, சோறு போட்டு வச்சிருந்து, இங்குட்டே கொண்டாந்து விட்டுருவோம். நீங்க சொன்னா கேப்பாக."

கூடவே பந்தயம் பார்க்க எனக்கு ஒரு பாஸ். பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். வெட்கம் கெட்டவன் நான்.

"நெசமாவே கொண்டாந்து விட்டுருவாகளா பாய்?" என்று அக்கா கேட்டார்.

"நான் பொறுப்புக்கா."

மறுநாள் அக்காவே முதலில் வேனில் ஏறி, சோற்றைக் கொட்டி, கூப்பிட்டார். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. பதினேழும் ஏறியபின் அவர் இறங்கினார். கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஊளை கிளம்பியது.

பந்தயம் முடிந்து கட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். வேன் வரவில்லை. பாண்டியராஜன் போனை எடுக்கவில்லை. அக்கா தினமும் வாளியோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்ப்பார். ஒரு வாரம் கழித்து அவனைப் பிடித்துச் சட்டையைப் பற்றினேன்.

"கல்லல் பக்கம் காட்டுல விட்டாச்சு பாய். தொல்லை விட்டுச்சுன்னு இருப்பீகளா!"

அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று நாள் அலைந்தோம். அந்தப் பக்கத்து ஊர் நாய்கள் குதறிக் கொன்ற எங்கள் தெரு நாய்கள் இரண்டைச் சாலையோரம் பார்த்தோம். அக்கா மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். நாலாம் நாள் ஒரு கண்மாய்க் கரையில், பதினேழில் ஒன்றான செவலை நாய் நின்றது. எலும்பும் தோலுமாக, ஒரு காது கிழிந்து. எனக்கு உயிர் வந்தது.

"வா சாமி, வா" என்றார் அக்கா.

காதை நிமிர்த்திப் பார்த்தது. ஆளைத் தெரிந்துகொண்டது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடியது. கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாக ஓடியது.

அக்கா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன்.

"விடுங்க பாய். நம்மளக் கண்டு ஓடக் கத்துக்கிருச்சு. அப்புடியாச்சும் பொழச்சுக் கிடக்கட்டும்."

இப்போது தெருவுக்கு இரண்டு குட்டிகள் புதிதாக வந்திருக்கின்றன. மத்தியானம் அக்கா சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். வாயைத் திறந்து கூப்பிடுவதே இல்லை.