நூற்று நாற்பத்தேழாம் மீற்றர்

எங்கள் குசினி யன்னலை ஒரு மரக்கட்டைதான் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. அதை எடுத்தால் யன்னல் அடித்துச் சாத்திவிடும். பழைய வீடு. கட்டையின் ஒரு பக்கத்தில் கறுப்பு மையால் 147 என்று எழுதியிருக்கிறது. ஏழின் நடுவில், ஜெர்மன்காரர் போடுகிற மாதிரி, சின்னக் குறுக்குக் கோடு. எழுதியவள் என் மச்சாள், இவருடைய கடைசித் தங்கச்சி. கட்டை வேலையிடத்துக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. எடுத்து வந்தது நான். ஏன் இதெல்லாம் வீட்டுக்கு என்று இவர் கேட்டார். யன்னலுக்கு என்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

நாங்கள் இருப்பது லைப்சிக்குக்குத் தெற்கே, செக் எல்லையோரத்து மலையூர். இவருக்கு வாகனப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தோம். ஊரில் தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். ஊருக்கு அடியில் பழைய வெள்ளிச் சுரங்கம் இருக்கிறது. பல நூறு வருடம் தோண்டி, வெள்ளி முடிந்து, வாசலை அடைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் வெள்ளி தேடியவர்களுக்கு இன்னொரு கல்லும் அகப்பட்டதாம். பார்த்தால் வெள்ளிக் கல் போல இருக்கும். உருக்கினால் நச்சுப் புகைதான் வரும். குறளிப் பேய் வெள்ளியை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டுப் போய்விட்டது என்று ஏசி, வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கோபால்ட் என்ற பெயரே அந்தப் பேயின் பெயர்தானாம். இப்போது பற்றரிக்கு அந்தக் கல் வேண்டும். ஒரு கொம்பனி வந்து, பழைய சுரங்கத்தைச் சுற்றி மலையில் துளை போடத் தொடங்கியது. இவ்வளவும் எனக்கு மச்சாள் வந்த பிறகு தெரிந்த கதை. அதற்கு முன் ஒரு வருடம் நான் அந்தக் கல்லைக் கழுவினேன். எதற்கு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஜெர்மனிக்கு வந்து ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கினேன். பிறகுதான் இந்தக் கல்லுக் கொட்டிலில் வேலை கிடைத்தது. துளையிலிருந்து கல் உருண்டைத் தடியாக வரும். தடி என்றே சொல்வோம். ஐந்து வரி உள்ள மரப்பெட்டியில், புத்தகம் வாசிக்கிற மாதிரி, மேல் வரியில் இடப்பக்கம் தொடங்கி அடுக்கி வரும். இடையிடையே ஆழம் எழுதிய கட்டை இருக்கும். கழுவ வேண்டும். எந்தப் பக்கம் பூமிக்குள் போகிறதோ அந்தப் பக்கம் அம்புக்குறி போட வேண்டும். பிறகு நீளவாட்டில் இரண்டாக அறுத்து ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. எங்களுக்கு மேல் இருந்தவர் ஒரு பெண். கல் படித்து டொக்டர் பட்டம் எடுத்தவர். கல்லு டொக்டர் என்று நாங்கள் பேர் வைத்தோம். முதல் நாள் அவர் எனக்கு ஒரு இரும்பு அலுமாரி காட்டினார். கதவில் என் முழுப் பெயர் ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. இந்த நாட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. உடுப்பு மாற்றும்போதெல்லாம் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.

மச்சாள் ஹனோவரில் இருந்து இரண்டு சூட்கேசோடு வந்தாள். புருசனை விட்டுவிட்டு வந்தாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. வந்து இரண்டாம் நாளே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இவர் என்னிடம், "அவளுக்கும் அங்க ஒருக்கால் கேட்டுப் பாருமன்" என்றார். நான் கேட்டேன். நானே கூட்டிக்கொண்டு போனேன். அதை மறக்காமல் சொல்ல வேண்டும். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பக்கம் எல்லாரும் காலையில் சுரங்கக்காரர் வணக்கம் சொல்வார்கள், க்ளூக் அவுஃப் என்று. நான் ஒரு வருடமாக, சாதாரணக் காலை வணக்கமாக, வாய்க்குள் மோர்கன் என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன். அவள் முதல் நாளே, வாசலில் நின்று, அவர்களுடைய இராகத்தோடு சொன்னாள். துளை போடுகிற ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதென்ன அண்ணி, பீற்றூட் கறித் தண்ணி பட்ட மாதிரி?"

"ஊத்தை. தேய்ச்சால் போகும்" என்றேன்.

அவள் தேய்க்கவில்லை. டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கறிக் கதையையும் ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள். டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் தூரிகையைப் பார்த்தார். அந்த இளஞ்சிவப்புத்தானாம் கோபால்ட் இருப்பதற்கு அடையாளம். கல்லின் மேல் பூக்கிற பூ என்றார். ஒரு வருடமாக அந்தப் பூவை நான் ஊத்தை என்று உரஞ்சித் தள்ளியிருக்கிறேன். டொக்டர் ஏசவில்லை. தூரிகையை வாங்கி மச்சாளிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அடுத்த கிழமை முழுக் கொட்டிலும் அதைப் பீற்றூட் என்றே சொன்னது. ஒரு வருடம் நான் தொட்ட கல்லுக்கு மூன்றாம் நாள் அவள் பேர் வைத்துவிட்டாள்.

பிறகு, டொக்டரே செய்துவந்த கட்டையில் இலக்கம் எழுதுகிற வேலையும் அவளுக்குப் போனது. அவள் எழுத்து வடிவு. எனக்குத் தூக்குவதும் அறுப்பதும் மிஞ்சியது. வீட்டில் சோறு போடும்போது இவர் அவளைத்தான் கேட்பார், இன்றைக்கு என்ன கண்டுபிடித்தாய் என்று. அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். "என்ர தங்கச்சி சின்னனிலயே அப்பிடி. மூளைக்காரி" என்பார். "அப்ப அண்ணாக்கு மட்டும் ஏன் குடுக்கேல்லை?" என்று அவள் கேட்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் கறிச்சட்டியைத் திரும்ப அடுப்பில் வைக்கப் போவேன். அவளில் ஒரு குறையும் இல்லை. கோப்பை கழுவுவாள், என்னை மதிப்பாள், அண்ணி அண்ணி என்று பின்னால் திரிவாள். ஒரு குறை இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தோடு துளை போடுகிற வேலை முடிகிறது என்றும், அதற்குப் பிறகு கொட்டிலில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்றும் டொக்டர் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மாதிரித்தான் இருந்தது. என் அலுமாரியில் இருந்து பேர் கிழிபடுவதை மனக்கண்ணால் கண்டேன்.

கல் நிறைந்த ஒரு பெட்டி சீமெந்து மூட்டையில் பாதிப் பாரம் இருக்கும். இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பொறாமைப்படுகிற ஆளோடு ஒரு நாளைக்கு இருபது தடவை ஒரே பெட்டியைத் தூக்குவது லேசில்லை. கால் ஒத்துப் போக வேண்டும், மூச்சு ஒத்துப் போக வேண்டும். ஒரு காலை, அவள் முன்னுக்கு, முகம் என் பக்கம் இருக்கப் பின்பக்கமாக நடந்தபடி சொன்னாள்.

"அண்ணி, அடைச்ச வாசலில ஆள் நுழையிற அளவுக்குத் திறந்திட்டினமாம். செவ்வாய்க்கிழமை டொக்டர் என்னைச் சுரங்கத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போறாவாம். பீற்றூட் சுவரிலயே இருக்காம். பாத்திட்டு வந்து சொல்லுறன்."

பெட்டி என் பக்கம் சரிந்தது. கை விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இறுக்கிப் பிடித்தேன் என்றும் சொல்லமாட்டேன். மூன்று வரிக் கல் நிலத்தில் கொட்டுண்டது. அம்புக்குறி இன்னும் போடாத பெட்டி. ஒரு கட்டை உடைந்து போனது. "காலில விழேல்லையோ?" என்று முதலில் கேட்டாள். பிறகு முழங்காலில் இருந்து, உடைந்த கோப்பையை ஒட்டுகிற மாதிரித் துண்டு துண்டாக எடுத்து அடுக்கினாள். புதுக் கட்டை எடுத்து 147 என்று எழுதி வைத்தாள். பீற்றூட் பட்ட துண்டுகளை இரண்டாம் வரியில் வைத்தாள். அவை நாலாம் வரியில் இருந்தவை. எனக்கு எழுத்துத்தான் வராது. ஒருக்கால் பார்த்த கல் மறக்காது. வெள்ளைக் கோடு ஓடின துண்டுக்குப் பக்கத்தில், நாலாம் வரியில், காலையில் மூடி திறந்தபோது கண்டேன்.

"சரியோ அண்ணி?"

"ஓம்" என்றேன்.

அவள் அம்புக்குறி போட்டாள். மத்தியானம் டொக்டர் வந்து வரி வரியாகப் பார்த்துத் தன் புத்தகத்தில் பதிந்தார். நான் கல் அறுக்கிற வாளுக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்க நேரம் இருந்தது. வேண்டிய அளவு இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் சுரங்கத்துக்குள் போய் வந்தாள். நெற்றியில் தொப்பி அழுத்தின தழும்பு இருந்தது. அந்தத் தழும்பு எனக்கு வேண்டும் போல இருந்தது. ஐம்பது வயதில் ஒரு மனிசிக்கு வருகிற ஆசையா அது? வந்தது.

இரண்டு மாதத்தில் பிடிபட்டது. பக்கத்துத் துளையில் பீற்றூட் எதிர்பார்த்த ஆழத்தில் வரவில்லை. டொக்டர் பழைய பெட்டியை இறக்கச் சொன்னார். நானும் அவளும்தான் இறக்கினோம். துண்டுகளின் முனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. மலைக்குள் பீற்றூட் எங்கே என்று வரைந்து கொம்பனிப் பெரியவர்களுக்குக் காட்டின படம் முழுக்கப் பிழை என்று மெதுவாகச் சொன்னார். இதை அடுக்கினது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் மச்சாள். பெட்டி விழுந்தது என்றாள். யார் கையில் இருந்து என்று சொல்லவில்லை. பார்த்துச் சரி என்று யார் சொன்னது என்றும் சொல்லவில்லை. டொக்டர் 147 கட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். புதுக்கட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் எழுதின முதல் கட்டை அது. என் ஏழு கம்பி வளைந்த மாதிரி வந்தது.

நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. மச்சாள் பிராங்பேர்ட்டுக்குப் போனாள். விமான நிலையத்துக்குச் சாப்பாடு கட்டுகிற குசினியில் வேலை. போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்து, "கல்லுகளைக் கவனமாப் பாருங்கோ அண்ணி" என்றாள். இவர் இரண்டு நாள் சோற்றைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் சாப்பிட்டார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கொட்டில் அமைதியாக இருந்தது. பெட்டி தூக்க ஒரு பொடியனைத் தந்தார்கள். அவன் காதில் பாட்டு ஓடும், பேசமாட்டான். துளை போடுகிற ஆட்கள் மட்டும் கொஞ்ச நாள் கேட்டார்கள், பீற்றூட்காரி எங்கே என்று. என்னை ஒருவரும் ஒரு பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இப்போது பழைய வாசலை உடைத்து அகலமாக்கிவிட்டார்கள். பரிசோதனைக்கு என்று கல் வெட்டி எடுக்கிறார்கள், உள்ளேயிருந்தும் துளை போடுகிறார்கள். நானும் இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன். சுவரில் பீற்றூட் இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னதை விட ஒன்றும் கூடுதலாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. கேட்க வீட்டில் ஆள் இல்லை. இவர் மின்சாரச் சைக்கிளில் கடைக்குப் போயிருந்தார். அந்தச் சைக்கிளின் பற்றரிக்குள்ளும் இந்தக் கல்தான் இருக்கும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "தங்கச்சி அப்பவே சொன்னவள்" என்றார்.

போன மாதம் மச்சாள் இரண்டு நாள் லீவில் வந்தாள். தலை நரைத்திருக்கிறது. சிரிப்பு அப்படியே இருக்கிறது. குசினியில் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் வெட்டிவிட்டுக் கை துடைத்தபடி யன்னலடிக்குப் போனாள். யன்னல் படாரென்று சாத்தியது. திரும்பினேன். கட்டை அவள் கையில் இருந்தது. இலக்கத்தைப் பார்த்தாள். ஏழின் குறுக்குக் கோட்டைப் பெருவிரலால் தடவினாள். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை.

"பெட்டி என்ர கையாலதான் விழுந்தது" என்றேன். "நீ மாறி வைச்சதையும் கண்டனான்."

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"ஓம் எண்டு சொல்ல முந்தி ஒருக்கா நாலாம் வரியைப் பாத்தனீங்கள். அதை நான் கண்டனான்."

எண்ணெய் வெடித்துக்கொண்டிருந்தது. "அப்ப ஏன் மாத்தேல்லை?"

"எது சரி எண்டு எனக்குத் தெரியாதே. உங்களுக்குத்தானே கல்லு ஞாபகம் நிக்கும். சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு மத்தியானம் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன். பிறகு டொக்டர் வந்திட்டா."

"டொக்டரிட்டயாவது என்ர பேரைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லிப்போட்டு, பின்னேரம் உங்கட கையால எப்பிடி அண்ணி சோறு வாங்கித் தின்னுறது?" என்றாள். பிறகு சிரித்தாள். "கத்தரிக்காய் கருகுது."

அடுப்பை அணைத்தேன். "பிழைதான்" என்றேன். அதற்கு மேல் எனக்கு வராது. அவளும் கேட்கவில்லை. யன்னலைத் திறந்து, கட்டையை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே வைத்தாள்.

இத்தனை வருடம் அதை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். மறுமுனையில் அவள் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பின்பக்கமாக நடந்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். எனக்கு வெட்கம் வந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. பொறுப்பதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். அன்று அந்தக் கொட்டிலில் எனக்கு மட்டும்தான் கல் நினைவிருந்தது. அது ஒன்றாவது என்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நம்பித்தான் கேட்டிருக்கிறாள், சரியோ அண்ணி என்று.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். குசினிக்குள் காற்று வந்துகொண்டிருந்தது. கட்டையைக் கையில் எடுக்காமல், நின்றபடி பார்த்தேன். கொட்டிலில் நான் இப்போது எத்தனையோ கட்டை எழுதுகிறேன். என் ஏழுக்கும் குறுக்குக் கோடு போடப் பழகிவிட்டேன். மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, இருந்தும் அவளுடைய ஏழுதான் வடிவு.