கயித்துல அளந்த டயரு

ரெண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தி, வெண்ணந்தூர்ல அக்கா மக கல்யாணம். மாப்பிள்ளை காருல வரோணும்னு சம்பந்தி ஊட்டுல பிடிவாதம். ஊருக்கே என் காரு ஒண்ணுதான், அதுலயும் ஒரு டயரு கிழிஞ்சு கெடந்துச்சு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட அளக்கற மாதிரி, வெளிவட்டத்தைக் கயித்துல அளந்துக்கிட்டுச் சேலம் போனேன்.

“உள்ளளவுதானுங்க முக்கியம். டயரு மேல நம்பர் இருக்குமே, பாத்தீங்களா?”ன்னாரு கடைக்கார பாய்.

“நாளைக்கு வெண்ணந்தூர்ல கல்யாணம் பாய். நம்பரெல்லாம் எதுக்குங்க? கயித்துக்குச் சரியா ஒண்ணு குடுங்க.”

கொண்டாந்து மாட்டுனா, ரிம்முல ஏறவே இல்லை.

முகூர்த்தத்தன்னிக்கு முதல் பஸ்ஸுல பாய் வந்து எறங்குனாரு, தோளுக்கு ஒண்ணா ரெண்டு அளவுல டயரோட.

“அது ஏறாதுன்னு நேத்தே சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?”ன்னாரு.

ஒண்ணு கச்சிதமா உக்காந்துச்சு. மாப்பிள்ளைக்கு முன்னால பாய்க்குத்தான் மாலை போட்டேன்.

அதுல இருந்து, தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லிடறேன். வாரத்துல நாலஞ்சு தடவை சொல்ல வேண்டியிருக்குதுங்க.