பூட்டு விழாத மடக்குக் கத்தி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இதைப் படிக்கும் தங்களுக்குக் கத்தியோடு நடமாட வேண்டிய அவசியம் நேர்ந்திராது. எனக்கு நேர்ந்தது. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளிலும் பந்தல் போடுவது என் தொழில். தொண்ணூறுகளில் என் மனைவியின் தம்பி என்னுடன் வேலை செய்தார். எனக்கு ஐந்து வயது இளையவர், என்னைவிடப் பலசாலி.

பந்தல் தூக்கும்போது படுதாவின் மூலைக்கயிற்றைப் பிடிப்பவர், வழுக்காமலிருக்க அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது வழக்கம். அது தவறென்று எங்கள் அனைவருக்கும் தெரியும். அனைவரும் அப்படித்தான் செய்தோம். கடற்காற்று படுதாவுக்குள் புகுந்துவிட்டால் ஆளையும் சேர்த்து இழுக்கும். அப்போது கயிற்றை அறுப்பதன்றி வேறு வழியில்லை. ஒருமுறை மைத்துனரை அவ்வாறு இழுத்தபோது கத்தி வண்டியில் கிடந்தது. ஓடி எடுத்து வருவதற்குள் அவருடைய மணிக்கட்டுத் தோல் உரிந்துவிட்டது. அன்று முதல் கத்தி என் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்று உறுதி கொண்டேன்.

முதலில் சாதாரணக் கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துப் பார்த்தேன். கடற்கரைச் சாலையில் வண்டிகளைச் சோதித்த காவலர் ஒருவர் அதை உருவிப் பார்த்து, யாரைக் குத்தப் போகிறாய் என்று கேட்டார். பந்தல்காரன் என்று நம்பவைக்க வண்டியிலிருந்த கயிறு முழுவதையும் இறக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே மடக்குக் கத்தியே உகந்தது என்று கண்டேன். அதுவும் பழம் நறுக்கும் கத்தியாக இருத்தல் ஆகாது. நனைந்த நைலான் கயிற்றை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். விரித்தபின் தானாக மடங்கக் கூடாது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திற்கு அருகிலிருந்த இரும்புக் கடைக்கு, நனைத்த கயிறு ஒரு முழத்தைக் கையோடு கொண்டு சென்றேன். கடைக்காரர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். முதலாவது மெல்லியது, கயிற்றில் பட்டதும் வளைந்தது. இரண்டாவதில் திருப்புளி, கத்தரி என்று ஏழெட்டுக் கருவிகள் இருந்தன; வேண்டியதைத் தேடுவதற்குள் ஆள் போய்விடுவான். மூன்றாவது கனமானது, மரப்பிடி, தடித்த அலகு. விரித்தால் பிடியின் முதுகிலுள்ள இரும்புப் பல் அலகின் பள்ளத்தில் விழுந்து ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அலகின் முதுகை மேசையின் விளிம்பில் ஓங்கித் தட்டிப் பார்த்தேன். மடங்கவில்லை. மீண்டும் தட்டினேன்.

“அண்ணாத்த, கத்தி வாங்க வந்தியா, என் மேஜைய ஒடைக்க வந்தியா?” என்றார் கடைக்காரர்.

அதையே வாங்கினேன். அது சித்திரை மாதம். அவ்வாண்டு ஆயுத பூஜை வரை அக்கத்தி ஒருமுறையும் என்னைக் கைவிடவில்லை.

பூஜையன்று கடப்பாரை, சம்மட்டி, கயிறு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபின் கத்தியைக் கையில் எடுத்தேன். இதன் உயிர் அலகும் பிடியும் சேரும் மூட்டில்தான் இருக்கிறது என்று எண்ணி, மற்றவற்றைவிடத் தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து மூட்டின் மேல் அப்பினேன். அன்று ஆயுதங்களைத் தொடுவதில்லை. மறுநாள் மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நான்காம் நாள் பிற்பகல், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு விடுதியின் மணற்பரப்பில் பந்தல் தூக்கிக்கொண்டிருந்தோம். கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. இறக்கிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் காற்று அடித்தது. படுதா உப்பி மேலெழுந்தது. மைத்துனர் முழங்காலிட்டு விழுந்து மணலில் இழுபட்டார். கயிறு அவருடைய வலது மணிக்கட்டில் இருந்தது.

ஓடிச் சென்று கத்தியை விரித்தேன். ‘டக்’ என்ற ஒலி வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டது. காற்றின் இரைச்சல் என்று எண்ணிக்கொண்டேன்.

கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே நுனியை நுழைத்தேன். அலகைத் திருப்புவதற்குள் காற்று மறுபடியும் தூக்கியது. கயிறு அலகின் முதுகை நெம்பியது. கத்தி என் விரல்களின் மேல் மடங்கியது. இரத்தத்தில் வழுக்கி மணலில் விழுந்தது. மைத்துனர் சத்தம் போடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றோர் ஆள் வண்டியிலிருந்து அரிவாளைக் கொண்டு வந்து வெட்டும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டு மருத்துவமனையில் எனக்கு மூன்று விரல்களில் தையல். அவருக்கு மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும். அவருடைய கடைசி இரு விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல இயலாது என்றார்கள்.

வீட்டில் கத்தியைக் கழுவியபோதுதான் அதைக் கண்டேன். அலகின் பள்ளத்தில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. பல் விழ இடமில்லை. விளிம்பில் தொத்திக்கொண்டு நின்றிருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்தேன். பிறகு பூட்டு முன்போலவே ‘டக்’ என்று விழுந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி கத்தியைப் பழித்தார், கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழிந்தும் மைத்துனரின் இரு விரல்கள் மடங்கவில்லை. ஒருநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, அந்தக் கத்தியைக் கேட்டார்.

“வா மாமா. கடைக்காரன இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்றேன். ஓட்ட கத்தியக் குடுத்து என் கைய வாங்கினான்ல?”

பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணினேன். அந்தக் கையால் அவர் இனி மூலைக்கயிறு பிடிக்க முடியாது; அதற்குக் காரணம் எது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

கடையில் நுழைந்ததும் அவர் இடது கையால் கடைக்காரரின் சட்டையைப் பற்றினார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். இருவருக்கும் நடுவே என் கையை நீட்டினேன்.

“அவர வுடு மச்சான். கத்தி நல்ல கத்தி. நான்தான் மூட்டுல சந்தனம் வெச்சேன். உள்ள காஞ்சி போச்சி. அன்னிக்கே பாத்துட்டேன்.”

மைத்துனர் சட்டையை விட்டார்.

“கத்திக்கு நீ பொட்டு வெச்ச. எனக்கு அவங்க தையலு வெச்சாங்க,” என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பிறகு கடைக்காரரிடம், இருக்கும் மடக்குக் கத்திகள் அனைத்தையும் எடுத்து வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் இடது கையால் மட்டுமே திறந்து பார்த்தார். கயிற்றில் மாட்டியவனுக்கு ஒரு கைதானே மிச்சம் என்றார். நான் முதல்முறை வாங்கியபோது இது என் புத்திக்கு எட்டவில்லை. நகத்தால் நெம்ப வேண்டியவற்றை ஒதுக்கினார். அலகில் வட்டத் துளையிட்ட ஒன்று, கட்டைவிரலால் தள்ளியதும் திறந்தது. அதன் பூட்டு பிடிக்குள்ளேயே ஒரு தகடாக நகர்ந்து அலகைத் தாங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்து அந்த இடுக்கை நெடுநேரம் பார்த்தார். பத்து முறை திறந்தார். பத்து முறையும் உள்ளே பார்த்தார்.

நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் அதைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இது என்கிட்டயே இருக்கட்டும் மாமா.”

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் என்னுடனேயே வேலை செய்தார். கயிறு பிடிக்கவில்லை; பிடிப்பவர்களின் அருகில் நின்றார். இருமுறை கயிற்றை அறுத்தார். அதில் ஒருமுறை மாட்டியிருந்தது என் கை.

தங்களுக்கும் ஒருநாள் கத்தி வாங்க நேரலாம்; ஆகவே இக்காகிதத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.