இரண்டு பக்கமும் மூக்கு

யப்பான் சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த எல்லோரும், கேட்டால், ஒரு கப்பலையாவது காப்பாற்றியிருப்பார்கள். நான் கப்பல் எதையும் காப்பாற்றவில்லை. ஒரு துரையின் விடுமுறையைக் காப்பாற்றினேன். அதுவும் அவர் இன்னும் போகாத விடுமுறை.

நான் டொக்யாட்டில், கப்பல் பழுதுபார்க்கிற பட்டறையில், தச்சன். கையை விட வாய் நன்றாக வேலை செய்கிற தச்சன் என்று பட்டறையில் பெயர். எங்கள் தலைமைத் தச்சரை ஓடாவியார் என்போம். பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் தலைமுறை தலைமுறையாக வள்ளம் கட்டிய வீட்டுக்காரர். அவருடைய மகளைக் கட்டுவதுதான் அந்தச் சண்டையில் என்னுடைய ஒரே இலட்சியம். தூது போன என் மாமாவிடம் அவர் சொல்லியனுப்பிய மறுமொழி இது: "வாயால வள்ளம் விடுறவருக்கு நான் பொம்பிளை குடுக்கிறேல்லை. கையால உருப்படியா ஒண்டு செய்து காட்டட்டும். காட்டினால் நானே வெத்திலைத் தட்டத்தோட வாறன்."

உருப்படியான ஒன்றை நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் களஞ்சியத் துரையின் அலுமாரிக் கதவு இறுகிக்கொண்டது. சீவுளியோடு போனேன். அவருடைய அறைச் சுவரில், துறைமுகப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம். சொட்டுக் கடல் இல்லை, முழுக்க மலை. என் கண் அங்கே போனதைக் கண்டதும் மனிதர் பேனையை வைத்துவிட்டார். கதவு கால் மணித்தியாலத்தில் சரிவந்தது. கதை இரண்டு மணித்தியாலம் போனது. எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீசு இருபது சொல், அதில் பாதி 'யெஸ் சேர்'. மிச்சத்தை அவர் பென்சிலால் கீறிக் காட்டினார்.

விஷயம் இதுதான். சண்டை முடிந்து வருகிற முதல் மாரியிலேயே அவரும் கூட்டாளிகள் இரண்டு பேரும் சுவிஸ் நாட்டுக்குப் போய், அல்ப்ஸ் மலையின் உச்சிக்குக் கிட்ட இருக்கிற ஓர் ஊரில் பனியில் சறுக்கப் போகிறார்கள். அதற்கென்றே ஒரு கொப்பி வைத்திருந்தார். எந்த ரயில், எங்கே இறங்கி மலை ரயில் பிடிப்பது, எந்த ஹோட்டலில் எந்தப் பக்கத்து அறை எல்லாம் அதில் இருந்தன. உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் முதல் நாள் சும்மா இருப்பது, இரண்டாம் நாள் சின்னச் சரிவு, ஐந்தாம் நாள் பெரிய சரிவு. சண்டை முடிகிற நாள் ஒன்றைத் தவிர மற்ற எல்லா நாளுக்கும் திட்டம் தயார். யப்பான்காரன் குண்டு போட்டு எரித்த எண்ணெய்த் தாங்கி விரிகுடாவுக்கு அப்பால் இன்னும் கரிப்பிடித்து நிற்க, துரை தன் ஹோட்டல் யன்னலிலிருந்து மலை தெரியுமா தெரியாதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நானும் என் பங்குக்கு யோசனை சொன்னேன். குளிருக்கு உடம்பில் பூச நல்லெண்ணெய், வழிக்குப் பாரைக் கருவாடு. இரண்டையும் மரியாதையாகக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஒரு வரிக்கு எதிரே மட்டும் வெறுமையாகக் கிடந்தது: சறுக்குப் பலகை. அவருடைய பழைய சோடி லண்டனில் வீட்டோடு எரிந்துபோயிற்றாம். ஒரு போட்டோவைக் காட்டி, இதை எங்கள் காட்டு மரத்தில் செய்ய ஏலுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசைச் சொன்னேன். "யெஸ் சேர்."

போட்டோவில் துரை பனிக்குள் நிற்கிறார். பலகையின் முன்நுனி மேலே வளைந்து நிற்கிறது. பின்பக்கம் பனியில் புதைந்து கிடக்கிறது. பட்டறையில் ஓடாவியார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பின்பக்கம் எப்பிடியெண்டு கேட்டுப்போட்டு வாரும்."

"இதுகூட எனக்குத் தெரியாதோ?" என்றேன் நான்.

எங்கள் கரை வள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி நிமிர்ந்த மூக்கு. கரைக்கு வரும்போது பின்னால் வந்து அடிக்கிற அலையில் ஏறிக்கொள்ளத்தான் அந்தப் பின்மூக்கு. ஓடிச் சறுக்குகிற சாமான் வேறெப்படி இருக்கும்? சமண்டலை மரத்தில் இரண்டு பலகை அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் மட்டை நெருப்பில் காட்டி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, கல்லேற்றி வளைத்தேன். முன்னும் வளைத்தேன், பின்னும் வளைத்தேன். பின்வளைவு இன்னும் அழகாக வந்திருந்தது.

துரை பட்டறைக்கு வந்து பலகையைக் கையில் எடுத்தார். ஒரு முறை திருப்பினார். மறுபடி திருப்பினார். எது முன்பக்கம் என்று கேட்டார். பிறகு, பின்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும் என்பதைக் கீறிக் காட்டினார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பட்டறைக்கு அந்த நாகரிகம் இல்லை. 'பின்னுக்குப் போற மாப்பிள்ளை' என்ற பட்டம் பத்து நிமிடத்தில் மேசைக்கு மேசை போய்விட்டது. ஓடாவியார் உளி தீட்டப் போய்விட்டார். வெற்றிலைத் தட்டம் என் கண்முன்னே கடலில் மிதந்து போயிற்று.

ஒருக்கால் ஏறிப் பாருங்கள் என்று கையாலும் காலாலும் துரையிடம் கெஞ்சினேன். சரி, ஞாயிற்றுக்கிழமை என்றார்.

சல்லியில் வள்ளம் இறக்குகிற உயர்ந்த மணல் சரிவில் பச்சைத் தென்னோலை பரப்பித் தண்ணீர் ஊற்றினேன். பலகைக்குச் சுறா எண்ணெய் பூசினேன். துரை தோல்வாரை இறுக்கி, இரண்டு மூங்கில் கம்போடு உச்சியில் நின்றார். வலைக்காரர் வலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஓடாவியாரும் வந்து, எனக்கு எட்டத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படி வந்து நிற்கும்படி நான் யாரையும் அழைக்கவில்லை.

துரை இறங்கினார். ஓலை சரசரக்க, பலகை எண்ணெய் மினுங்க, நான் நினைத்ததை விட வேகமாக இறங்கினார். பாதி வழியில் ஒரு நாய், ஊர் நாய்தான், தன் பாட்டில் குறுக்கே வந்தது. அவர் வெட்டித் திரும்பினார். திரும்பியது கூடிப்போய், முகம் மேட்டுப்பக்கமும் முதுகு கடல்பக்கமுமாகிவிட்டது. அவர் எனக்குக் கீறிக் காட்டிய தட்டைப் பலகையாயிருந்தால் பின்நுனி அந்த இடத்திலேயே மணலில் குத்தி, மனிதர் மல்லாந்திருப்பார். என் பின்மூக்கு குத்தவில்லை. ஓலை முடிந்த இடத்தில் மணலில் ஏறியது, ஈர மணலில் வழுக்கியது, வள்ளம் இறங்குகிற மாதிரிக் கடலுக்குள் இறங்கியது. துரை முழங்கால் தண்ணீரில், விழாமல், இரண்டு கம்பையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார். கரையில் நின்ற பெண்கள் குரவை போட்டார்கள். அவ்வளவு உரத்த குரவையை அம்மன் கோயில் பொங்கலிலும் நான் கேட்டதில்லை.

துரை சேர்ட் பையிலிருந்து கொப்பியை எடுத்து, வெறுமையாகக் கிடந்த வரிக்கு எதிரே, தண்ணீரில் நின்றபடியே, ஒரு சரி போட்டார். ஏழு முறை திரும்ப ஏறி இறங்கினார். அதில் நான்கு முறை வேண்டுமென்றே பின்பக்கமாக.

ஓடாவியார் பலகையை மடியில் வைத்து, பின்வளைவைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். எழும்பும்போது, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு வீட்டில நிப்பீரோ?" என்றார்.

நின்றேன். வேலைக்குப் போகாமல், விடியலிலிருந்தே புது வேட்டியோடு வாசல் படலையடியில் நின்றேன். வெற்றிலைத் தட்டம் பின்னேரம்தான் வந்தது. ஒரேயொரு நிபந்தனை வைத்தார், இனி எதையும் கேட்டுப்போட்டுச் செய்யவேண்டும் என்று. ஓம் என்றேன். பிறகும் கேட்டதில்லை.

சண்டை முடிந்து இரண்டு மாரி கழித்து ஒரு போட்டோ வந்தது. பின்னால் வெள்ளை மலை. துரை பலகைச் சோடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மேலும் கீழும் மூக்கு நன்றாகத் தெரியும்படி. ஐந்தாம் நாள், பெரிய சரிவு, பாதித் தூரம் பின்பக்கமாக வந்தேன் என்று எழுதியிருந்தார். படத்தைப் பட்டறை முழுக்கக் கொண்டுபோய், பட்டம் சூட்டிய ஒவ்வொருவர் மூக்குக்கு நேரேயும் பிடித்தேன்.

கடைசியாக மாமனாரிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. கருவாடு கொண்டுபோனவரோ எண்டு கேட்டனீரோ?"